பஃபலோவிலிருந்து பதினோரு நாள்

கிருபாராணி ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு வைக்கக்கூட இடமில்லை. மேஜையை அடைத்து ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் உப்பு டப்பா, ஒரு மூலையில் ஊறுகாய் பாட்டில், மற்ற இரண்டிலும் பைபிளும் மாத்திரைப் பெட்டியும். அவள் கணவர் தேவநேசன் அதன்மேல் குனிந்து இடது கையால் பென்சில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வலது கை இரண்டு வருஷமாகவே எழுத உதவாது.

"என்ன இது?"

"பஃபலோவிலேர்ந்து ஆல்பனி. முன்னூத்தி அறுபது மைல். கால்வாய்க் கரையோரமா சைக்கிள் ட்ரெயில் போட்டிருக்கான். செப்டம்பர்ல போலாம்னு இருக்கேன்."

"யாரு?"

"நான்தான்."

கிருபாராணி போய்க் கை கழுவினாள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால். சண்டை போடுவதானால் முதலில் உட்கார வேண்டும்.

தேவநேசனுக்கு அறுபத்தொரு வயது. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லி நான்கு வருஷம் ஆகியிருந்தது. டேட்டாபேஸ் வேலையை அதோடு விட்டுவிட்டார். நடுக்கத்தைக் காட்டிலும் அவரைப் படுத்தியது நடைதான். நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போ போ என்று சொல்லும், கால் கேட்காது. வாசல் நிலை, லிஃப்ட் கதவு, சர்ச்சில் ராப்போஜனத்துக்கு வரிசையில் நிற்கும் இடம், எங்கே வேண்டுமானாலும் அது நடக்கும். பிரிட்ஜ்வாட்டர் ஊரில் இருந்த அவர்கள் வீட்டின் ஒவ்வொரு கதவடியிலும் கிருபாராணி நீல நிற டேப் ஒட்டிவைத்திருந்தாள். தாண்டுவதற்கு ஒரு கோடு கண்ணில் பட்டால் அந்தக் கால் எப்படியோ எழுந்துவிடும்.

போன அக்டோபரில்தான் அந்த அதிசயம் நடந்தது. பிசியோதெரபியில், நகராமல் நின்ற இடத்திலேயே மிதிக்கும் நிலைசைக்கிளில் ஏற்றி மிதிக்கவைத்தார்கள். மிதித்தார். ஓரிரு வாரம் கழித்து, கராஜில் தூசி படிந்து கிடந்த பழைய சைக்கிளைப் பிடித்து ஏற்றிவிடச் சொன்னார். கிருபாராணி பயந்துகொண்டே பிடித்து ஏற்றினாள். தெருவின் கோடிவரை போய்த் திரும்பி வந்தார். சமையலறையிலிருந்து ஹாலுக்கு வர மூன்று முறை நிற்கிற மனுஷன், தெருவில் வளைந்து நெளிந்து, எதிர்வீட்டு நாயைப் பார்த்து மணியடித்துவிட்டு வந்தார். சிலருக்கு அப்படி முடியும், காரணம் இன்னும் சரியாகத் தெரியாது என்று நரம்பு டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து மழை, பனி இல்லாத நாளெல்லாம் தேவநேசன் சைக்கிளில்தான் இருந்தார்.

தெருவைச் சுற்றுவது ஒன்று. முன்னூற்று அறுபது மைல் வேறு.

"ராணி, நீ முதல்ல கேளு," என்றார் அவர், அவள் வந்து உட்கார்ந்ததும். "வழி ஃபுல்லா போர்டு இருக்கு. எங்க திரும்பணும், எங்க ரோட்டை க்ராஸ் பண்ணணும்னு நீலமும் மஞ்சளுமா அம்புக்குறி போட்டு வெச்சிருக்கான். போனைப் பாக்க வேண்டாம், மேப்பை எடுக்க வேண்டாம். மேற்கேர்ந்து கிழக்கே போனா கொஞ்சம் கொஞ்சமா இறக்கம். காத்தும் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் அடிக்கும். ஒரு நாளைக்கு நாப்பத்தஞ்சு மைல், எட்டு நாள். எல்லாம் எழுதிட்டேன்."

"மாத்திரை?"

"மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு. அதுவும் எழுதிருக்கேன்."

"விழுந்தா?"

"சைக்கிள்ல நான் எப்பவாவது விழுந்திருக்கேனா? நடக்கும்போதுதானே விழறேன்."

உண்மை அதுதான்.

மகள் ரெனிஷா அதோடு விடவில்லை. அவள் டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் இருந்தாள். எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பாதுகாப்புப் பொறியாளர். எதெது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று யோசிப்பதுதான் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவின் திட்டத்தைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, வழக்கம்போல் ஆங்கிலத்திலேயே பேசினாள். ஓடுகிற சைக்கிளைப் பற்றி எனக்குக் கவலையில்லை, நின்றுபோன சைக்கிளுக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"அது நிக்காதும்மா," என்றார் தேவநேசன்.

எல்லாமே ஒரு நாள் நிற்கும் அப்பா, என்று அவள் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க யோசித்து கிருபாராணி ஒரு முடிவுக்கு வந்தாள். வேண்டாம் என்று சொல்லி அவரை வீட்டில் உட்காரவைக்கலாம். உட்கார்ந்துவிடுவார். ஆனால் வரைபடத்தின்மேல் குனிந்திருந்தபோது அவர் முகத்தில் இருந்த களை, இந்த நான்கு வருஷத்தில் அவள் பார்த்ததே இல்லை. அதனால் ஒரு சோதனை வைத்தாள். ஏப்ரலில் இரண்டு நாள், பக்கத்திலேயே இருக்கும் கால்வாய்ப் பாதையில் சௌத் பவுண்ட் புரூக்கிலிருந்து பிரின்ஸ்டன் வரை போய், ஒரு ராத்திரி தங்கி, திரும்பி வர வேண்டும். ரோடு குறுக்கிடும் இடத்திலெல்லாம் அவள் காரோடு காத்திருப்பாள். சரியாக முடிந்தால் பஃபலோவைப் பற்றிப் பேசலாம்.

தேவநேசன் சின்னப் பிள்ளை மாதிரி ஒத்துக்கொண்டார்.

முதல் மூன்று நிறுத்தங்களில் அவர் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்தார். மூன்றாவது நிறுத்தமான பிளாக்வெல்ஸ் மில்ஸில் வாழைப்பழம் சாப்பிட்டார். "அடுத்தது கிரிக்ஸ்டவுன். பதினொண்ணு பத்துக்கு அங்க இருப்பேன்," என்று சொல்லிவிட்டு மரங்களுக்குள் மறைந்தார். கிருபாராணி காரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு கிரிக்ஸ்டவுன் பாலத்தருகே போய் நின்றாள்.

பதினொன்று பத்து ஆனது. பதினொன்றரை ஆனது. அவர் போனுக்கு அடித்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பதினொன்று நாற்பதுக்கு காரைப் பூட்டிவிட்டு அந்த மண்பாதையில் நடக்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் காடு. கார் வர வழியே இல்லை. முதல் கால் மைல் நடந்தாள். பிறகு ஓடினாள். ஐம்பத்தாறு வயதில், முப்பது வருஷ நர்ஸ் உத்தியோகத்தில், யாருக்காவது இதயம் நின்று கோட் ப்ளூ மணி அடித்தால்கூட இப்படி ஓடியதில்லை.

ஒன்றரை மைலில் அவர் தெரிந்தார். விழவில்லை. இரண்டு காலுக்கும் நடுவே சைக்கிளை வைத்துக்கொண்டு, வேலிக் கட்டையை ஒரு கையால் பிடித்தபடி சிலை மாதிரி நின்றிருந்தார். சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாத்து," என்றார், அவள் கிட்டே வந்ததும். "குஞ்சுகளோட பாதையைக் கடந்துச்சு. பிரேக் போட்டுக் காலை ஊணினேன். அவ்ளோதான்."

"போன்?"

"பின்னாடிப் பையில இருக்கு. கையை நீட்டினா விழுந்துடுவேன்."

"யாருமே வரலியா இந்தப் பக்கம்?"

"வந்தாங்க. ஓடறவங்க ரெண்டு பேரு. ஆர் யூ ஓகேன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தார். "ஐ ஆம் ஃபைன்னு சொன்னேன்."

கிருபாராணிக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பாள். கத்தவில்லை. மாத்திரையைக் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், சைக்கிளை வாங்கி வேலியில் சாய்த்தாள். பிறகு தன் வலது பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, "தாண்டுங்க," என்றாள். அவர் அவள் பாதத்தைப் பார்த்தார். கால் எழுந்தது. ஒரு அடி, இன்னொரு அடி. அப்படியே கைகோத்து, சைக்கிளை அவள் ஒரு கையில் தள்ளிக்கொண்டு, கார் வரை நடந்தார்கள். பிரின்ஸ்டனில் போட்டிருந்த அறையை அவர்தான் போன் பண்ணி ரத்து செய்தார்.

மறுநாள் மேஜை காலியாக இருந்தது. வரைபடம் எங்கே போனதென்று அவள் கேட்கவில்லை. "ரெனி சொன்னது சரிதான்," என்று மட்டும் அவர் சொன்னார். அதற்குப்பிறகு, பிசியோதெரபிக்காக வாங்கி கராஜில் வைத்திருந்த நிலைசைக்கிளை மட்டும் மிதித்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இப்படி இரண்டு வாரம் போனது. ஒரு நாள் கிருபாராணி, ஆபரேஷன் முடிந்த ஒரு நோயாளியை வேறு மாடிக்கு மாற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். கட்டிலோடு ஒரு நர்ஸ் கூடவே போனாள். இது தினம் நடக்கிற காரியம்தான். ஆனால் அன்று லிஃப்ட் கதவு மூடும்போது அவளுக்கு ஒன்று பட்டது. நோயாளியை இந்தக் கதவில் அனுப்பிவிட்டு, அந்தக் கதவில் போய்க் காத்திருப்பதாக எந்த நர்ஸாவது சொன்னால் அவளே திட்டியிருப்பாள். அவள் செய்தது அதைத்தானே? தப்பு அவர் காலில் இல்லை, வாத்தின்மேலும் இல்லை. திட்டத்தில் இருந்தது. கார் போக முடியாத பாதையில் காரை நம்பியிருந்தார்கள்.

யாராவது கூடவே போக வேண்டும். யார் போவது?

இரண்டு வீடு தள்ளி மயில்சாமி இருந்தார். உடுமலைக்காரர். கட்டுமானப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி சன்னிவேலில் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்ததால் நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், தெருவில் யாருக்கு எது என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். கிருபாராணி அவரிடம் போனாள்.

"அண்ணா, உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியுமுங்க. ஆனா முட்டி ரெண்டும் மாத்தியாச்சுங்களே சிஸ்டர். வேன் ஓட்டச் சொல்லுங்க, எத்தனை நாளானாலும் ஓட்டறேன்."

"அப்போ எனக்குக் கத்துக்குடுங்க."

மயில்சாமி ஒரு நிமிஷம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு முன்னால ஓட்டியிருக்கீங்களா?"

"நர்சிங் படிக்கும்போது. அப்போ நான் நாப்பத்தெட்டு கிலோ."

சாமர்வில்லில் ஒரு கடையில் தாழ்வான சட்டமுள்ள சைக்கிள் ஒன்று வாங்கி மயில்சாமியின் கராஜில் வைத்தாள். பயிற்சிக்கு இடம் அவர்தான் கண்டுபிடித்தார். ஹைவே ஓரம் ஒரு பெரிய ஆபீஸ் வளாகம். வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் ஆயிரம் கார் நிற்கும் இடம் காலியாகக் கிடக்கும். கிருபாராணிக்கு வாரத்தில் மூன்று நாள்தான் ஷிப்ட், வெள்ளி ஓய்வு. தேவநேசனிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் வெள்ளி முழங்கை சிராய்த்தது. இரண்டாம் வெள்ளி விளக்குக் கம்பத்தில் மோதினாள். மயில்சாமி பின்னாலேயே சீட்டைப் பிடித்துக்கொண்டு, புது முட்டியோடு தத்தித் தத்தி வந்தார். "சக்கரத்தைப் பாக்காதீங்க சிஸ்டர், தூரத்துல பாருங்க. நீங்க எங்க பாக்கறீங்களோ அங்கதான் அது போகும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் வெள்ளி அவர் குரல் தூரத்திலிருந்து கேட்டது. எப்போது கையை விட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாகன நிறுத்தத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தபோது, மயில்சாமி தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வெள்ளி அவள் வீட்டுக்கே சைக்கிளில் வந்தாள். கராஜ் கதவு திறந்திருந்தது. சுவரைப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்த தேவநேசன் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஹெல்மெட்டோடு, சிராய்ப்பில் பிளாஸ்திரியோடு, மூச்சு வாங்க நிற்கும் மனைவியைப் பார்த்தார். அவர் மிதிப்பது தானாக நின்றது.

"பின் பிரேக் கத்துது," என்றார்.

"தெரியும்."

"நாளைக்குச் சரி பண்ணித் தரேன்."

அன்று சாயங்காலம் வரைபடம் மறுபடி மேஜைக்கு வந்தது. அவர் அதைத் துணி அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தார். இம்முறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எட்டு நாள் பதினோரு நாளானது. ஒரு நாளைக்கு முப்பத்தைந்து மைலுக்கு மேல் இல்லை. மாத்திரை நேரம் வரும் இடத்தில் உட்கார பெஞ்ச் இருக்க வேண்டும் என்று கிருபாராணி சொன்னாள். அவர் கணினியில் தேடித் தேடி ஒவ்வொரு பெஞ்சாகக் குறித்தார். மயில்சாமி வேனில் பெட்டி, குக்கர், அரிசியோடு ஊர் ஊராக முன்னால் போவார். போன் இனிமேல் கழுத்தில் தொங்கும். தேவநேசன் முன்னால், கிருபாராணி இருபது அடி பின்னால்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள். "நானும் கூடவே இருப்பேன்னு சொல்ல முடியாது. பஞ்சர் ஆகும், பின்தங்கிடுவேன். அப்போ யார் வந்தாலும் நீங்க உதவி கேக்கணும். ஐ ஆம் ஃபைன்னு சொல்லக் கூடாது."

"கேக்கறேன்."

"எப்படிக் கேப்பீங்க? சொல்லிக் காட்டுங்க."

அவர் எக்ஸ்க்யூஸ் மீ வரை வந்துவிட்டு, வரைபடத்தில் குறித்த பெஞ்சுகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார். முப்பது வருஷமாக ஆபீஸில் எல்லோரும் அவரிடம்தான் உதவி கேட்டு வந்திருக்கிறார்கள்.

"அதெல்லாம் அந்த நேரத்துல வரும்," என்றார்.

"வராது. இது இல்லாம நான் வரலை."

இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலை அவள் காபி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன அட்டையைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். இடது கையால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எனக்குப் பார்க்கின்சன். என் கால் ஒட்டிக்கொண்டது. என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உங்கள் பாதத்தை என் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வையுங்கள், நான் தாண்டிவிடுவேன். நன்றி.

"வாயால வராது," என்றார். "இதைக் காட்டறேன்."

கிருபாராணி அதைப் படமெடுத்து ரெனிஷாவுக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் கேட்டியிலிருந்து போன் வந்தது. எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரியதாக, மஞ்சள் அட்டையில், தண்ணீர் படாதபடி நான் அச்சடித்து அனுப்புகிறேன் என்றாள் ரெனிஷா. நின்றுபோன சைக்கிளுக்கு இப்போது ஒரு திட்டம் இருக்கிறது என்றும் சொன்னாள். பத்து அட்டை வந்தது. ஒன்றை அவர் போனோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஜூனில் மறுபடி கால்வாய்ப் பாதை. கிங்ஸ்டன் அருகே ரோட்டைக் கடக்கும் இடத்தில் தேவநேசன் நின்றார், கால் ஒட்டிக்கொண்டது. கிருபாராணி இருபது அடி பின்னால் இறங்கிவிட்டாள். ஓடிப்போய்த் தன் பாதத்தை வைத்திருக்கலாம். போகவில்லை. பாதையோரம் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு வாட்டசாட்டமான ஆள் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். தேவநேசனின் கை கழுத்து வரை போனது, இறங்கியது, மறுபடி போனது. அட்டையை நீட்டினார். அந்த ஆள் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு முழுதும் படித்தார். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சேறு படிந்த பெரிய பூட்ஸைக் குறுக்கே வைத்தார். தேவநேசன் தாண்டினார்.

"இவ்வளவுதானா?" என்று மீன்பிடித்தவர் கேட்டது கிருபாராணிக்கும் கேட்டது.

"இவ்வளவுதான்," என்றார் தேவநேசன். பிறகு அவர்கள் இருவரும் மீனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கால் மணி நேரம் அவள்தான் காத்திருக்க வேண்டியதாயிற்று.

செப்டம்பர் இரண்டாம் வாரம் மூவரும் வேனில் பஃபலோ போய்ச் சேர்ந்தார்கள். முதல் நாளே திட்டம் தப்பியது. விடியும்போது ஏரியிலிருந்து மழை சாய்த்து அடித்தது. ஓட்டல் ஜன்னலில் நின்று தேவநேசன் பார்த்தார். பழைய தேவநேசனாக இருந்தால் அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். இவர் பேனாவை எடுத்து எல்லாத் தேதியையும் ஒரு நாள் தள்ளி எழுதிவிட்டு, மயில்சாமியோடு சீட்டாட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கிளம்பினார்கள். அவர் சொன்ன மாதிரியே ஒவ்வொரு திருப்பத்திலும் நீலமும் மஞ்சளுமாகப் பலகை நின்றது. முதல் மூன்று நாள் கிருபாராணி அவருடைய பாதங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று ஆஸ்பத்திரி மானிட்டர் மாதிரி பார்த்துக்கொண்டே மிதித்தாள். நான்காம் நாள் ரோச்செஸ்டர் தாண்டி ஒரு நேர்பாதையில், ஒரு மணி நேரமாகத் தான் தண்ணீரையும் மறுகரை மரங்களையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. திடுக்கிட்டு முன்னால் பார்த்தாள். அவர் ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

பதினோரு நாள் பதிமூன்றானது. மழைக்கு ஒன்று, சிரக்யூஸில் கிருபாராணியின் தொடைவலிக்கு ஒன்று. மஞ்சள் அட்டை ஆறு முறை வெளியே வந்தது. ஒருமுறை பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி பாதத்தை வைத்தாள், ஒருமுறை தபால்காரர். யாரும் முகம் சுளிக்கவில்லை. இருவர் கூடவே ஒரு மைல் ஓட்டி வந்தார்கள்.

ஆல்பனியில் ஹட்சன் ஆற்றங்கரைப் பூங்காவில் ரெனிஷா நின்றிருந்தாள். ஹூஸ்டனிலிருந்து காலை விமானத்தில் வந்திருந்தாள். பக்கத்தில் மயில்சாமி தயிர்சாதப் பாத்திரத்தோடு. கிருபாராணி இறங்கி, மகளைக் கட்டிக்கொண்டு, அப்படியே பெஞ்சில் விழுந்தாள்.

தேவநேசன் இறங்கவில்லை. அவர்களுக்கு முன்னால் வேகம் குறைத்து வந்தார், கையைக் காட்டினார், நிற்காமல் போனார்.

"அப்பா, வேர் ஆர் யூ கோயிங்?" என்று ரெனிஷா கூப்பிட்டாள்.

"ஒரே ஒரு ரவுண்டும்மா," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

பூங்காவைச் சுற்றி ஒரு ரவுண்டு போனார். பிறகு இன்னொன்று. ரெனிஷா போய்ப் பிடிக்கப் பார்த்தாள். கிருபாராணி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தன் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.

"சுத்தட்டும் விடு," என்றாள். "மாத்திரைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு."